மூன்று பள்ளிக்கூடங்களும் என் மொழிபெயர்ப்பாளரும்

1

அயல்நாட்டில் வாழ்கிறவர்கள் எழுதும் குறிப்புகளில் முதல் பத்தியிலேயே விமானம் வரும், பனி பெய்யும். என் குறிப்பில் பேருந்துதான் வருகிறது. பனிக்குப் பதில் வியர்வை. சோளிங்கரில் ஏறி உட்கார்ந்து, இரண்டு பொட்டலம் வேர்க்கடலையைத் தின்று முடிப்பதற்குள் நான் புலம்பெயர்ந்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் யாரும் முத்திரை குத்தவில்லை. நடத்துனர்தான் தோளில் ஒரு குத்து குத்தி, "திருப்பதி வந்தாச்சி, எறங்குப்பா" என்றார்.

சிரிக்காதீர்கள். புலம்பெயர்ந்தவனுக்கு உரிய எல்லா லட்சணமும் எனக்கு உண்டு. கடைப் பலகைகளை என்னால் படிக்க முடியாது. அரசு அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் சிரிக்கிறேன். என் மகள் தூக்கத்தில் தெலுங்கில் சண்டை போடுகிறாள். ஒரே ஒரு வித்தியாசம்: கனடாவில் இருப்பவனைப் பார்க்க உறவினர்கள் வருவது அபூர்வம். என்னைப் பார்க்க வருடம் முழுக்க வருகிறார்கள். வரும்போது முடியோடு வருவார்கள், மலைக்குப் போய்விட்டு மொட்டையோடு திரும்புவார்கள். ஊருக்குப் போய், "அவன் வீட்ல காபி தண்ணி மாதிரி கீது" என்று சோளிங்கர்க்காரர்களான உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

இங்கே வந்து ஐந்து வருடம் நிறைந்த அன்று என் மனைவி செல்வி கேசரி கிளறினாள். கேசரியோடு சேர்த்து ஒரு கேள்வியும் வந்தது. மகள் கயல் எங்கள் தெருவில் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். அந்தப் பள்ளி ஐந்தோடு சரி.

"இன்னாங்க, ஆறாவதுக்கு எங்க சேக்கறது?"

"பாத்துக்கலாம்."

"அஞ்சு வருசமா பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னுதான் சொல்லிக்கினு கீறீங்க. எங்கம்மா போன் பண்ணாங்க. ஊர்ல பொண்ணுங்க பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டிட்டாங்களாம். இங்க நல்லதா ஒண்ணு கெடைக்கலன்னா நான் கயல கூட்டிக்கினு அங்கயே போயிடறேன். நீங்க லீவுக்கு லீவு வாங்க. அங்க போனா தமிழாவது படிப்பா."

"அப்ப என் சோத்துக்கு?"

"கீழ மெஸ் கீதே."

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். அந்த மெஸ்ஸில் நான் ஒரு முறை சாப்பிட்டிருக்கிறேன். மலையேறுகிற பக்தர்களின் உறுதியைச் சோதிப்பதற்கென்றே நடத்துகிறார்கள்.

தனியார் பள்ளியில் சேர்க்கலாமே என்பீர்கள். சேர்க்கை பிடிக்கிறவர்கள் வீடு தேடி வந்தார்கள். ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி.க்கு அடித்தளம் போடுவார்களாம். செல்வி வாசலிலேயே அவர்களை நிறுத்தி, "அவளுக்கு இன்னும் ஷூ லேஸே ஒழுங்கா கட்டத் தெரியல" என்று அனுப்பிவிட்டாள். நாங்கள் இருவரும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். மகளும் அரசுப் பள்ளிதான். அது எங்கள் வீட்டில் பேசி முடித்த விஷயம். எந்த அரசுப் பள்ளி, எந்த மாநிலம் என்பதுதான் பேச்சு. கோடை விடுமுறை விடுவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

2

நான் பார்க்கும் வேலை குறை கண்டுபிடிப்பது. ஏர்பேடு பக்கம் சார்ஜர் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். எங்களுக்கு உதிரிப் பாகம் தருகிற சின்னச் சின்னப் பட்டறைகளுக்குப் போய், அவர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று ஆடிட் செய்து மதிப்பெண் போடுவேன். குறை சொல்வதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களா என்று செல்வி இன்றுவரை ஆச்சரியப்படுகிறாள்.

வீட்டில் இந்த வீரக் கதைகளைச் சாப்பாட்டு நேரத்தில் அவிழ்த்துவிடுவேன். "முன்னாடி ரூம்ல ஏசி போட்டு, கூல்டிரிங்ஸ் குடுப்பான். அதப் பாத்து ஏமாறக் கூடாது. யாரும் காட்டாத எடத்த நாமளே போய்ப் பாக்கணும்" என்பேன். செல்வி ரசத்தை ஊற்றிக்கொண்டே கொட்டாவி விடுவாள். கயல் மட்டும் கேட்பாள்.

பள்ளிக்கூடமும் ஒரு பட்டறைதானே என்று முடிவுகட்டினேன். எங்கள் வட்டாரத்தில் ஆறாம் வகுப்பு உள்ள அரசுப் பள்ளிகள் மூன்று. மூன்றையும் ஆடிட் செய்துவிடுவது. இதில் ஒரு சிறு சிக்கல் இருந்தது. என் தெலுங்கு தொழிற்சாலைத் தெலுங்கு. நிறுத்து, தூக்கு, இறக்கு, மெதுவாக. ஒரு போர்க்லிப்ட் ஓட்டுநரைத் தெலுங்கிலேயே காளஹஸ்தி வரை ஓட்டச் சொல்லிக் கூட்டிப்போய்த் திரும்ப அழைத்துவர என்னால் முடியும். ஒரு தலைமை ஆசிரியரிடம் இரண்டு வாக்கியம் பேச முடியாது.

அதனால் எங்கே போனாலும் கயல்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர். மின்சார அலுவலகம், மருந்துக்கடை, வீட்டுக்காரர், எல்லாம் அவள் வழியாகத்தான். ஒன்றாம் வகுப்பில் அவளைச் சேர்க்கப் போனபோது மட்டும் நானே பேசினேன். அதன் பலனை இன்னும் அனுபவிக்கிறோம். இங்கே எல்லாருக்கும் பெயருக்கு முன்னால் வம்சத்தின் வீட்டுப் பெயர் ஒன்று உண்டு. எழுத்தர் அதைக் கேட்டார். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி, அதற்கு மேல் கிடையாது என்று கைஜாடையில் சொன்னேன். இல்லாமல் எழுத முடியாது என்று அவரும் கைஜாடையில் சொன்னார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் வாய்க்கு வந்த ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டேன். ஆந்திர அரசின் பதிவுகளில் என் மகள் பெயர் சோளிங்கர் கயல்விழி. தப்புதான், ஆனால் ஒவ்வொரு காலையும் வருகை எடுக்கும்போது திருப்பதியில் ஓர் ஆசிரியை நம் ஊர்ப் பெயரை உரக்கச் சொல்கிறார். உங்களில் யாருக்கும் இந்தப் பெருமை கிடைத்ததில்லை.

3

முதலில் போனது நகருக்குள் இருக்கும் பெரிய உயர்நிலைப் பள்ளி. ஏப்ரலில் இங்கே பள்ளிகள் காலையில் ஒரு வேளைதான். அதனால் ஷிப்டு மாற்றிக்கொண்டு எட்டு மணிக்கே கயலோடு போய் நின்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அசந்துபோனேன். சுவரெல்லாம் புது வண்ணம். வகுப்புக்கு வகுப்பு தொட்டால் எழுதுகிற பெரிய திரை. பிள்ளைகள் ஒரே மாதிரி பையும் ஷூவும் போட்டுக்கொண்டு போகிறார்கள், எல்லாம் அரசாங்கம் கொடுத்தது. நான் படித்த நடுநிலைப் பள்ளியை நினைத்துக்கொண்டேன். அங்கே தொட்டால் எழுதுகிற பலகை இல்லை. தொட்டால் விழுகிற பலகை இருந்தது. மலையிலிருந்து குரங்கு இறங்கிவந்து சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு போகும். கழிப்பறை எங்கே என்று கேட்டால் வாத்தியார் ஜன்னல் வழியாக அந்த மலையைக் காட்டுவார்.

தலைமை ஆசிரியர் எங்களை உட்காரச் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கயலு, சொல்லு. எங்க நைனா கம்பெனில குவாலிட்டி ஆடிட்டருன்னு. பத்தாவது பாஸ் பர்சன்டேஜ் கேக்கறாரு. கணக்கு வாத்தியாரு அனுபவம் எவ்ளோன்னு கேக்கறாரு. கொஞ்சம் கெத்தா சொல்லு."

கயல் அவர் பக்கம் திரும்பி மளமளவென்று பேசினாள். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. தெலுங்கில் எல்லாமே கொஞ்சம் நீளம்தான் என்று இருந்துவிட்டேன். நடுவில் "அன்னம்" என்று காதில் விழுந்தது. மதிய உணவைப் பற்றியும் கேட்கிறாளே, கெட்டிக்காரி. அடுத்து "பாத்ரூம்" என்று விழுந்தது. எனக்கு மானம் போயிற்று.

"ஏண்டி, வரும்போதே போயிட்டு வரக் கூடாதா?"

தலைமை ஆசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்துவந்து என் தோளில் கையை வைத்து மெல்லத் தட்டினார். ஆடிட்டர் என்றால் இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா! கழிப்பறைச் சாவியைக் கொண்டுவரச் சொல்லி யாரையோ கூப்பிட்டார். சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்து, அது ஒரு பெரிய விசாரணையாக வளர்ந்தது. சாவி கிடைத்து, கயல் போய்வந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"போலாம் நைனா."

"பாஸ் பர்சன்டேஜ்?"

"நல்லா கீதாம். போலாம் வா."

4

இரண்டாவது, ரேணிகுண்டா சாலையில் இருக்கும் ஜில்லா பரிஷத், அதாவது மாவட்ட ஊராட்சிப் பள்ளி. மைதானம் என்றால் அதுதான் மைதானம். ஒரு பக்கம் பெண் பிள்ளைகள் கபடி ஆடினார்கள். அதில் ஒருத்தி எதிரணியில் மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டாள். நான் வாய்விட்டுக் கைதட்டினேன். எங்கள் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு மைதானம் என்பது சுற்றிப் போக வேண்டிய இடம்.

இங்கேயும் அதே கதை. நான் கெத்தாகச் சொன்னேன், கயல் நீளமாகச் சொன்னாள், நடுவில் அன்னம் வந்தது, பாத்ரூம் வந்தது. இந்தத் தலைமை ஆசிரியர் தோளில் தட்டவில்லை. "அய்யோ" என்றார். உள்ளே போய், பிள்ளைகளுக்கு மதிய உணவோடு கொடுக்கிற கடலை மிட்டாய்ப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்து அழுத்தினார். துன்னு, துன்னு என்பதுபோல ஜாடை காட்டினார். நான் பார்த்த எந்தப் பட்டறையிலும் ஆடிட்டருக்கு இவ்வளவு பாசமான லஞ்சம் கிடைத்ததில்லை. மறுப்பது மரியாதையில்லை என்று அங்கேயே தின்றேன்.

கயல் திரும்பிவந்தாள்.

"இன்னா, ஒடம்பு சரியில்லையா? ரெண்டு ஸ்கூல்லயும் பாத்ரூம் போறியே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல நைனா." கொஞ்சம் நடந்த பிறகு, "உள்பக்கம் தாழ்ப்பா இல்ல" என்றாள். எதன் தாழ்ப்பாள் என்று நான் கேட்கவில்லை. மனசுக்குள் மைதானத்துக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

5

மூன்றாவது பள்ளிக்குச் சும்மா கணக்குக்காகத்தான் போனேன். எங்கள் பேட்டைக்குப் பின்னால் இருக்கும் சின்ன நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு வரைதான். மூன்று அறை, ஒரு வராந்தா. வராந்தாவில் ஓர் அம்மாள் காக்கி நிறத்தில் புடவை கட்டி, தோளில் குறுக்காகப் பையை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். அவர்தான் தலைமை ஆசிரியை.

நான் சிரித்த முகத்தோடு, அவருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே, கயலிடம் நம் பாஷையில் சொன்னேன்: "இன்னாடி இது, எங்க மாமா ஊட்டு மாட்டுக் கொட்டா இதவிடப் பெருசா கீதே. டீச்சரப் பாரு, பஸ் கண்டக்டரம்மா மாதிரி. ஒரு கேள்வி கேட்டுட்டு சட்டுனு கெளம்பிடலாம். அந்த பாஸ் பர்சன்டேஜே கேளு."

கயல் பேசினாள். நீளமாக. அந்த அம்மாள் இடையிடையே என்னைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஏதோ கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். கயலுக்கு வராந்தாக் கோடியைக் கை காட்டினார். கயல் ஓடினாள். அவள் மறைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"சார், உக்காருங்க. டிக்கெட் எடுத்துட்டீங்களா?"

தமிழ். சுத்தமான நம் பக்கத்துத் தமிழ். நான் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை.

"மேடம், நீங்க..."

"எனக்கு ஊரு பார்டர்ல குடிபாலா. எங்க ஊரு ரோட்ல நின்னு கைய நீட்டினா வேலூர் பஸ் நிக்கும். ஊட்ல தமிழ்தான். உங்க ஊருக்காரங்க எல்லாருமே இதான் பண்றீங்க. ஆந்திராவுக்கு வந்துட்டா எவனுக்கும் தமிழ் தெரியாதுன்னு நெனச்சிக்கினு, பஸ்ல எங்க மூஞ்சிக்கு நேராவே எங்களத் திட்டுவீங்க. நாங்க கேட்டுக்கினு சும்மா வருவோம். எங்களுக்கும் பொழுது போவணுமே."

"மாட்டுக் கொட்டான்னு நான் சொன்னது..."

"வுடுங்க. அது நெஜந்தான். ஆனா ஒண்ணு தெரியுமா சார்? நீங்க கேக்கச் சொன்னத உங்க பொண்ணு என்கிட்ட கேக்கவே இல்ல."

"பின்ன இவ்ளோ நேரம் இன்னா சொன்னா?"

அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எங்க நைனா ரிசல்ட் கேப்பாரு மேடம், அத அப்பறம் சொல்லுங்க, எனக்கு ஒண்ணுதான் தெரியணும்னா. பொண்ணுங்க பாத்ரூம்ல தண்ணி வருதா, தாழ்ப்பா கீதா, நான் போயிப் பாக்கலாமான்னா. எங்கம்மா படிக்கும்போது ஸ்கூல்ல பாத்ரூமே கெடையாது, காலயிலருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்களாம், அதனால அம்மா மொதல்ல அதத்தான் கேப்பாங்கன்னா. நல்ல ஸ்கூல் கெடைக்கலன்னா நானும் அம்மாவும் சோளிங்கர் போயிடுவோம், எங்க நைனா ஒண்டியா இருக்கணும், அவருக்கு அன்னம் வடிக்கத் தெரியாது, தெலுங்கும் வராதுன்னா." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி சார். உங்களப் பாத்தா பாவமாத்தான் கீது."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தோளில் விழுந்த தட்டு. கையில் அழுத்திய கடலை மிட்டாய். இரண்டு பள்ளியிலும் எனக்குக் கிடைத்தது ஆடிட்டருக்கு உரிய மரியாதை இல்லை, சோறு வடிக்கத் தெரியாதவனுக்கு உரிய அனுதாபம். ஆடிட் செய்தது நானே இல்லை. நான் ஆடிட்டரோடு வந்தவன். ஏசி அறையில் உட்கார்ந்து மிட்டாய் தின்றவன்.

அவமானமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ மார்பு விம்மியது. மூன்று பள்ளி, மூன்று தலைமை ஆசிரியர்கள், அவர்கள் மொழியில், அவர்கள் முகத்தைப் பார்த்து, எனக்குத் தெரியாத மரியாதைச் சொற்களையெல்லாம் போட்டு, என் பிள்ளை கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறாள். யாரும் காட்டாத இடத்தைத் தானே போய்ப் பார்த்திருக்கிறாள். ரசத்தோடு நான் ஊற்றியது வீணாகவில்லை.

கயல் ஓடிவந்தாள். "நைனா, தண்ணி வருது! தாழ்ப்பா ரெண்டு கீது, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. சோப்புல ஓட்ட போட்டு, கொழாயில கயித்துல கட்டி வச்சிருக்காங்க!"

"காக்கா தூக்கிக்கினு போவுது, அதான்" என்றார் மேடம், தமிழில்.

கயலின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மேடம் எதையும் மறைக்கவில்லை. எட்டாவது முடிந்தால் ரேணிகுண்டா சாலைப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். பரிசோதனைக் கூடம் என்பது ஓர் அலமாரி. பெரிய திரை இவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான், அதை வகுப்புகள் முறை வைத்துப் பார்க்கின்றன. கணக்கு, அறிவியல் இரண்டுக்கும் ஆள் உண்டு. "தமிழ் கெடையாது சார். நகரி, சத்யவேடு பக்கம் போனா தமிழ் ஸ்கூலு கீது. இங்க இல்ல. வேணும்னா பள்ளி வுட்டப்பறம் வாரத்துல ரெண்டு நாளு நானே சொல்லித்தரேன். எனக்கும் பேச ஆளில்லாம வாய் துரு புடிக்குது."

6

அன்று சாயங்காலம் செல்வியிடம் நடந்ததைச் சொன்னேன். கண்டக்டர் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். கயல் அதை மட்டும் தனியாகச் சொன்னாள்.

"ஏன் செல்வி, நீ ஸ்கூல் நாள்ல தண்ணியே குடிக்க மாட்டியாமே?"

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "யாரு சொன்னது?"

"மேடம்."

"அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கயல் சொன்னா."

என் மனைவியைப் பற்றிய ஒரு செய்தி, தெலுங்குக்குப் போய், குடிபாலாத் தமிழாகி, எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது நேராக வரவில்லை. "நீங்க கேட்டதில்லையே" என்றாள் செல்வி. கோபமாகச் சொல்லவில்லை. அதனால் கூடுதலாக உறைத்தது.

மறுநாள் அவளே பள்ளிக்குக் கிளம்பினாள். என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டு, கயலைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். வராந்தாக் கோடிக்குப் போனார்கள். மூன்று அறைகளையும் எட்டிப் பார்த்தார்கள். மேடமும் செல்வியும் எதற்கோ சிரித்தார்கள். என்னைத் திரும்பிப் பார்த்து மறுபடி சிரித்தார்கள். கடைசியில் செல்வி வராந்தாவில் இருந்த குடிநீர்க் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, நின்றபடியே முழுதும் குடித்தாள். இன்னொரு டம்ளர் பிடித்து அதையும் குடித்தாள். பிறகுதான் வெளியே வந்தாள். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. இந்தக் குடும்பத்தில் கேள்வி கேட்கிற வேலை என்னுடையது இல்லை என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். மாமியாரின் குரல் எனக்கே கேட்டது. அங்கே பள்ளியில் பேசி இடம் சொல்லிவைத்திருக்கிறாராம், எப்போது வருகிறீர்கள் என்றார்.

"இல்லமா, வரல. இவ இங்கயே படிக்கட்டும்."

"ஏண்டி? அங்க இன்னா அப்பிடி?"

செல்வி கயலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஸ்கூலு நல்லா கீதுமா. சின்னதுதான், ஆனா நல்லா கீது. அதுவுமில்லாம, பொண்ணக் கூட்டிக்கினு வந்துட்டேன்னா, உம் மருமவன் இங்க ஒரு ஆளுகிட்ட ஒரு வார்த்த பேச முடியாது."

மாமியார் சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி, எங்கள் வாசலைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, என்ன விசேஷம் என்று தெலுங்கில் கேட்டார். அந்த அளவுக்கு எனக்கே புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கயல் வாசலுக்குப் போய்விட்டாள். என்னைக் கை காட்டி, கண்ணை உருட்டி, நீளமாக ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கயலின் முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நல்லதாகத்தான் சொல்லியிருப்பாள்.